கன்னடியன் கால்வாய்க்கு மேட்டுப்பக்கம் ஏன் வயல் இல்லை?

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. நம்மில் நிறைய பேர் அப்படித்தான், வரலாறு படித்துவிட்டு வந்து புவியியலையும் சேர்த்து நடத்துகிறோம். வரலாற்றுப் பாடத்தில் கதை இருக்கிறது, பிள்ளைகள் தானாகவே காதைக் கொடுப்பார்கள். புவியியலுக்கு வந்ததும் ஒரே பட்டியல்: மண் வகைகள், துணையாறுகள், கனிமங்கள், எந்தப் பயிரில் எந்த மாநிலம் முதலிடம். மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள். ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வி பிள்ளைகள் வாயிலிருந்து வர ஆரம்பித்துவிட்டால் இந்தப் பட்டியல் எல்லாம் தானே அவிழும். அதற்காக நான் செய்துவருவதை எழுதுகிறேன். இந்த வருடம் புதிதாகப் பணிக்கு வந்திருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வாரம் புத்தகத்தைத் திறப்பதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்துகொண்டு வரச் சொல்வேன். வடக்கு மேலே இருக்க வேண்டும். வழியில் கால்வாய், குளம், வாய்க்கால் எது வந்தாலும் குறிக்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். அவ்வளவுதான். அழகாக வரைய வேண்டிய அவசியமில்லை. அடுத்த நாள் அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி, பக்கத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் படங்களை ஒட்டவைத்துப் பார்ப்போம். அம்புக்குறிகள் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும். சண்டை நடக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்துவார்கள். மேடு, பள்ளம் என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் விழுகிறது.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வியைப் போடுவேன். கன்னடியன் அணைக்கட்டில் பிரியும் கால்வாய், தாமிரபரணிக்குத் தென்கரைப் பக்கமாக வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக ஓடுகிறது. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில் நெல், வாழை. கால்வாயைத் தாண்டி மேட்டுப்பக்கம் போனால் உடைமரம், பனை, மழை பெய்தால் மட்டும் விதைக்கிற மானாவாரி நிலம். நடுவே கால்வாயின் அகலம்தான் தூரம். ஏன்?

மண் வேறே, உரம் போடவில்லை, அங்கே ஆள் இல்லை என்று பதில்கள் வரும். ஒரு வருடம், கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் சொன்னான்: “டீச்சர், அங்க தண்ணி ஏறாதுல்லா.” அவனுடைய அப்பா குளத்து மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்க்கிறவர். தமிழில் ஒரு பத்தியைத் திக்கித் திக்கித்தான் வாசிப்பான். ஆனால் எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் முதலில் நனையும், எது கடைசியில் நனையும் என்று அவனுக்குத் தெரியும். அவனைக் கரும்பலகைக்கு அழைத்து வரையச் சொன்னேன். ஆறு கீழே, கால்வாய் அதற்கு மேலே, இரண்டுக்கும் நடுவில் சரிவு. ஆறு சரிவில் வேகமாக இறங்குகிறது. கால்வாயை வெட்டியவர்கள் அதை ரொம்ப மெதுவாக இறங்கும்படி, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் போகப் போகக் கால்வாய் ஆற்றைவிட உயரமாகிவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கிற நிலம் அத்தனையும் பம்பு இல்லாமல், கரண்டு இல்லாமல் பாய்கிறது. மேலே இருப்பது காய்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் நிலவரைபடத் திறன்கள் பாடத்தில் சம உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரும்போது இந்தக் கால்வாய்தான் எனக்குக் கைகொடுக்கிறது. நிலத்தில் நிஜமாகவே வரைந்து வைத்திருக்கிற சம உயரக்கோட்டுக்கு மிக நெருக்கமானது அது. இன்னொன்று குளம். கோடையில் குளம் வற்றும்போது தண்ணீர் நின்ற மட்டங்கள் கரையோரச் சகதியில் வரி வரியாகத் தெரியும். சரிவு செங்குத்தாக உள்ள கரைப் பக்கம் வரிகள் நெருக்கமாக இருக்கும், குளத்துக்குள் தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் நிலம் தட்டையாக இருப்பதால் அகல அகலமாக இருக்கும். ‘கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு’ என்ற வாக்கியத்தைப் புத்தகத்தில் வாசிப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த மாதத்திலும் வகுப்பில் காட்டலாம். அதன் பிறகு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைக் காட்டினால் பிள்ளைகள் மிரள்வதில்லை. இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். முதலில் தங்கள் ஊரைத் தேடுவார்கள், அப்புறம் நூலைக் கோட்டின் மேல் வளைத்து வைத்து அம்பாசமுத்திரத்துக்கு எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். இந்த இடத்தில் எனக்குள் இருக்கிற வரலாற்றுக்காரி சும்மா இருக்க மாட்டாள். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து, அளவைக்கு அடிப்படையான ஓர் அடிக்கோட்டை அளந்ததிலிருந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவை தொடங்கியது என்பதையும், 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய ராட்சத அளவைக் கருவி மோதிச் சேதமானதையும் சொல்வேன். வரைபடம் என்பது யாரோ ஆட்கள் வெயிலில் நடந்து, அளந்து உண்டாக்கிய ஒன்று என்று பிள்ளைகளுக்குப் பட வேண்டும்.

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்த ஒரு கம்பு போதும். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் பைப்பை மைதானத்தில் நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினொன்றே முக்காலிலிருந்து ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் குறி வைக்க வேண்டும். நண்பகல் 12 மணிக்குத்தான் நிழல் மிகச் சிறிதாக இருக்கும் என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். எங்கள் ஊரில் 12.20-ஐ ஒட்டித்தான் அது நடக்கும். இந்திய நேரம் 82°30′ கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது, நாங்கள் இருப்பது ஏறத்தாழ 77°30′-இல். ஐந்து பாகை வித்தியாசம், பாகைக்கு நான்கு நிமிடம். கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

அதே நிழல் ஜூனில் தெற்கே விழும். இதைப் பார்த்து ஆச்சரியப்படாத வகுப்பு இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. சூரியன் அப்போது கடகரேகைப் பக்கம் போய்விட்டது, நாம் அதற்குத் தெற்கே 8°40′-இல் இருக்கிறோம். ஜூன் 21-ஐ ஒட்டி ஒரு மீட்டர் கம்புக்குத் தெற்கே 26 சென்டிமீட்டர் நிழல். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வடக்கே 63 சென்டிமீட்டர். ஆகஸ்ட் கடைசியில் நிழல் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதை உருண்டையைக் காட்டி நடத்துவதைவிட இந்த மூன்று அளவுகளும் நன்றாக நடத்தும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நேரக் கணக்கை ஜூன் நடுவிலோ ஆகஸ்ட் கடைசியிலோ வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கால் மணி நேரம் முந்தும், பிப்ரவரியில் பிந்தும், பூமியின் சுற்றுப்பாதை அப்படி. அந்த மாதங்களில் செய்தால் கணக்கு இடறும், அதை ஒன்பதாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பருவக்காற்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பத்தாம் வகுப்புப் புவியியலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மற்ற பாடங்களில் ஒரு பீரியடு குறைந்தாலும் பரவாயில்லை, இதற்கு அவசரப்படக் கூடாது.

ஜூன், ஜூலையில் எங்கள் வகுப்பின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, மேகம்தான் தெரியும். அந்த மேகம் மலை உச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். எங்களுக்கு வருவது புழுதிக்காற்று மட்டும். மேகம் ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்பேன். மலை தடுக்கிறது என்பார்கள். சரி, காற்று மட்டும் எப்படித் தாண்டி வருகிறது? இங்கேதான் நின்று நிதானமாகப் பேச வேண்டும். காற்று மலை ஏறும்போது குளிர்கிறது, ஈரம் மேகமாகி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று சூடாகிறது, மிச்சம் இருக்கிற மேகத்தையும் கரைத்துவிடுகிறது. கரையும் அந்த விளிம்பை ஜன்னல் வழியாகப் பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். மேகம் இறங்க முயன்று, காணாமல் போய், திரும்பவும் முளைப்பது கண்ணுக்குத் தெரியும்.

உடனே ஒரு பிள்ளை கேட்கும், “அப்போ குத்தாலத்துல மட்டும் எப்படி டீச்சர் சாரல்?” கேட்காவிட்டால் நானே கேட்பேன். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது, ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே நுழைகிறது. அப்போது கூகுள் எர்த்தைத் திறந்து கணவாய்களுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்று தேடச் சொல்வேன். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே தென்காசி வட்டாரம், பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உடுமலை, பல்லடம். மூன்று இடத்திலும் காற்றாலைகள். ‘தமிழ்நாட்டில் காற்றாலைகள் உள்ள இடங்கள்’ என்ற கேள்விக்கு அதன் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதோடு விட்டுவிட்டால் ஒரு தப்பான எண்ணம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும். தமிழ்நாடு மழை மறைவுப் பகுதி, ஆகவே மலையின் கிழக்குச் சரிவில் மழை இல்லை என்று. அதனால் நவம்பரில் திரும்பவும் அதே ஜன்னலுக்கு வருவோம். இப்போது காற்று வடகிழக்கிலிருந்து, வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வருகிறது. ஜூனில் முதுகைக் காட்டிய அதே மலைச்சரிவு இப்போது முகத்தைக் காட்டுகிறது. பத்திரிகையில் தினமும் வரும் மழை அளவுப் பட்டியலை வெட்டி ஒட்டச் சொல்வேன். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய எஸ்டேட் பகுதிகளின் அளவையும் பாளையங்கோட்டையின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். கீழே தூறல் போட்ட நாளில் மேலே கொட்டித் தீர்த்திருக்கும். மழை மறைவு என்பது மலைக்கு நிரந்தரமாக ஒட்டிய முத்திரை இல்லை, காற்றின் திசையைப் பொறுத்து மாறுவது என்று இந்தப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த படி, தாமிரபரணி ஏன் வற்றாத ஆறு என்பது. பொதிகையின் பூங்குளத்தில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பு, தென்மேற்குப் பருவத்திலும் நனைகிறது, வடகிழக்கிலும் நனைகிறது. அதனால்தான் எங்களுக்கு இரண்டு நெல் பட்டங்கள்: காரும் உண்டு, பிசானமும் உண்டு. பாடப்புத்தகத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்களின் பெயர் இருக்கும். பிள்ளைகள் வீட்டில் கேட்கிற பெயர்கள் வேறு. முதலில் காரையும் பிசானத்தையும் பற்றி வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள். எப்போது நாற்றுப் பாவுவார்கள், எப்போது அறுவடை, பாபநாசம் அணையின் 143 அடியில் எத்தனை அடி இருந்தால் கார் சாகுபடிக்கு நம்பி இறங்குவார்கள் என்று தாத்தா, அப்பாவிடம் கேட்டு எழுதி வருவார்கள். புத்தகத்தில் உள்ள அட்டவணை அதன் பிறகு ஐந்து நிமிட வேலை.

மழையை அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறை காலை 8.30-க்குத்தான் 24 மணி நேரக் கணக்கை முடிக்கும், பிள்ளைகளும் அதே நேரத்தில் பார்த்தால் பத்திரிகை அளவோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஜனவரியில் பேரிடர் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பல பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் சிக்கியிருந்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. வகுப்புத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டேன். இந்தக் கட்டத்துக்கு மட்டும் 950 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 63 குடம், ஒரே நாளில். தமிழ்நாட்டின் ஓர் ஆண்டுச் சராசரி மழையும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு, ஆற்றங்கரையில் எந்த உயரத்தில் வீடு கட்டலாம், எந்தக் குளத்தின் மறுகால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) யார் வீட்டு வழியாகப் போகிறது என்று அவர்களே தங்கள் ஜூன் மாதப் படங்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் முன்னதாகவே தனியாகப் பேசிவிட்டு இந்த வகுப்பை எடுங்கள். பேச விரும்பாத பிள்ளையைப் பேச வைக்க வேண்டாம்.

தொலைவில் இருக்கிற இடங்களை எப்படி நடத்துவது? இந்தியாவின் இயற்கைத் தாவரம், கனிமம், தொழிற்சாலை எல்லாம் இங்கே கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அங்கே போகலாம். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பிள்ளைகள் பலரின் நோட்டும் பேனாவும் அம்மா மடியில் சுளவை வைத்துச் சுற்றுகிற பீடியிலிருந்துதான் வருகிறது. அந்த இலை இங்கே விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் இலையுதிர் காடுகளில் கோடையில் பறித்துக் காயவைத்த தெண்டு இலை அது. எட்டு மாதம் வறட்சியும் நாலு மாதம் மழையும் உள்ள பூமியில் மரம் ஏன் இலையை உதிர்க்கிறது, புது இலை எப்போது துளிர்க்கிறது, அதைப் பறிக்கிற பழங்குடி மக்கள் யார், பறித்தவருக்கு என்ன கிடைக்கிறது, சுற்றுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு இலையில் காலநிலை, காடு, போக்குவரத்து, கூலி எல்லாம் வந்துவிடுகிறது. வீட்டு வேலையைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைகள்கூட அந்த வகுப்பில் கை தூக்கிப் பேசினார்கள். அம்மாவின் வேலை ஒரு பாடம் அளவுக்குப் பெரியது என்று அவர்களுக்குத் தெரிவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அந்தச் சத்தீஸ்கரே வரைபடக் கேள்விக்கும் உதவுகிறது. இந்திய வரைபடத்தில் 23°30′ வடக்குக் கோட்டையும் 82°30′ கிழக்குக் கோட்டையும் முதலில் போடப் பழக்குங்கள். இரண்டும் சத்தீஸ்கரில் வெட்டிக்கொள்ளும். அங்கிருந்து கிழக்கே சோட்டா நாகபுரி பீடபூமி, நிலக்கரி, இரும்புத்தாது, தாமோதர் பள்ளத்தாக்கு, அதனால் ஜாம்ஷெட்பூர், பொகாரோ, துர்காபூர். இன்னும் கிழக்கே கங்கைச் சமவெளி வண்டல், சணல், அதனால் ஊக்ளிக் கரை ஆலைகள். மேற்கே தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய கரிசல், பருத்தி. ‘அதனால்’ என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே புள்ளி வைத்தால் இடம் அதிகம் தவறுவதில்லை. கைடில் ஏற்கெனவே பெயர் அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துக் கலர் அடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. அதில் கைக்குத்தான் வேலை, மூளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. வெற்று மேப் ஷீட், பென்சில், வகுப்பிலேயே பத்து நிமிடம், வாரம் ஒருமுறை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் பத்து இடங்கள் போதும். எழுத்தில் திணறும் பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண்ணின் ருசியை முதலில் காட்டக்கூடியது இந்த வரைபடக் கேள்விதான்.

‘சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை’ என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். கம்பு நடுவது மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வருவதால் பெரும்பகுதியை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மழைப் பட்டியல் காலை வழிபாட்டில் ஒரு நிமிடம். கால்வாய்க்கும் குளத்துக்கும் அரை நாள் தேவை, அதற்கு மட்டும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் கால்வாய்க் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பிசான அறுவடை முடிந்து கால்வாயை அடைத்திருக்கும் சமயத்தில் போனால் வெட்டுமுகத்தில் மண் அடுக்குகளையும் பார்க்கலாம். கூட இன்னொரு ஆசிரியர், ஒரு நீளக் கயிறு, குடிதண்ணீர், தொப்பி. திரும்பி வந்ததும் எழுதச் சொல்ல வேண்டாம், வரையச் சொல்லுங்கள்.